எம்.எல்.ஏ. ஆக என்னென்ன வேண்டும்? எல்லையோர வாசகர் கேள்விகள்

மூணாறு, மறையூர், கொழிஞ்சாம்பாறை, ஆரியங்காவு என்று கேரளப் பக்கமிருந்தும், நகரி, சத்தியவேடு, குப்பம் என்று ஆந்திரப் பக்கமிருந்தும் வந்த கேள்விகளில் சட்டமன்ற உறுப்பினர் வேலை பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம்.

என் மகளுக்கு 24 வயது. கிராமப் பஞ்சாயத்து மெம்பராக இருக்கிறாள். அடுத்த சட்டமன்றத் தேர்தலில் நிற்க ஆசைப்படுகிறாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் போடியிலும் ஒரு ஓட்டு இருக்கிறது. அதனால் ஏதாவது தொந்தரவு வருமா?
— மூணாறு வாசகர்

வரும். முதலில் வயதைப் பார்த்துவிடலாம். பஞ்சாயத்துக்கு 21 போதும், சட்டமன்றத்துக்கு 25 முடிந்திருக்க வேண்டும். எந்த நாளில் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வாக்குப்பதிவு நாளை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. வேட்புமனு பரிசீலனை நாளன்று 25 முடிந்திருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் மனு நிற்காது.

அடுத்தது ஓட்டு. கேரளச் சட்டமன்றத்துக்கு நிற்பவர் கேரளத்தின் ஏதாவது ஒரு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். நிற்கும் தொகுதியிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் போடி ஓட்டு இங்கே செல்லாது. (மக்களவைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, நாட்டில் எங்கே ஓட்டு இருந்தாலும் எங்கேயும் நிற்கலாம்.) ஒருவர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கவே கூடாது. வேறெங்கும் பெயர் இல்லை என்று பொய்யாக எழுதிக் கொடுத்திருந்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. தேர்தலில் நிற்கப் போகிறவர் வீட்டில் இந்தக் குறை இருந்தால் எதிர்த் தரப்பு முதலில் அதைத்தான் தோண்டும். போடியில் படிவம் 7 கொடுத்துப் பெயரை நீக்குங்கள். அங்கே மட்டும்தான் பெயர் இருக்கிறது என்றால் இடமாற்றத்துக்கான படிவம் 8 கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் தனிப் பட்டியல் போடுகிறது. உங்கள் மகள் அந்தப் பட்டியலில் இருப்பதால்தான் மெம்பர் ஆனார். சட்டமன்றத் தேர்தலுக்கு இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பட்டியல் வேறு. அதில் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வேட்புமனு கடைசி நாளுக்குப் பிறகு அந்தப் பட்டியலில் ஒரு எழுத்தும் மாறாது.

தேவிகுளம் தனித் தொகுதி. என் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து கொழுந்து எடுக்க வந்தவர். சாதிச் சான்று ஊரிலேயே வாங்கித் தருகிறோம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அது போதுமா?
— மறையூர் வாசகர்

போதாது, ஐயா. உங்கள் சொந்தக்காரர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேரளச் சட்டமன்றத்தின் தனித் தொகுதியில் நிற்பவர் கேரளத்தின் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். ஒரே சாதி இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருந்தாலும் தமிழ்நாட்டுச் சான்று அங்கேயே நின்றுவிடும்.

கணக்கு தொடங்குவது 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவரின் ஆணையில். அன்றைக்கு உங்கள் குடும்பம் இன்றைய கேரள எல்லைக்குள் குடியிருந்ததா என்று தாசில்தார் கேட்பார். அதற்குப் பின்னால் மலையேறி வந்த குடும்பம் என்றால் இங்கே சலுகை கிடையாது. ஆக, உங்கள் வேலை தாத்தா வந்த ஆண்டைக் காட்டும் காகிதத்தைத் தேடுவது. தோட்டத்து மஸ்டர் ரோல் (வேலையாட்கள் வருகைப் பதிவேடு), லயத்து வீடு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) ஒதுக்கிய பதிவு, அப்பாவோ அத்தையோ இங்கே பிறந்த பிறப்புப் பதிவு, பள்ளி அட்மிஷன் ரெஜிஸ்டர் இவையெல்லாம் உதவும். பி.எஃப். சீட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அந்தச் சட்டமே 1952-ல்தான் வந்தது, 1950-க்கு முன்னால் இருந்தீர்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. சான்றில் சந்தேகம் எழுந்தால் கோழிக்கோட்டில் இருக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினர் பற்றி ஆய்வு செய்யும் கிர்தாட்ஸ் நிறுவனம் வீடு தேடி வந்து விசாரிக்கும். பழைய பதிவேடுகள் செல்லரித்துப் போகும் முன் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மதம். இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோருக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி. தோட்டப் பகுதியில் ஒரே குடும்பத்தில் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவரும் சர்ச்சுக்குப் போகிறவரும் இருப்பது சாதாரணம். ஆனால் நீதிமன்றத்தில் ஞானஸ்நானப் பதிவேடும் கல்யாணப் பதிவேடும்தான் பேசும். 2021-ல் தேவிகுளத்தில் ஜெயித்த மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜாவுக்கு நடந்ததைப் பாருங்கள். அவர் கிறிஸ்தவர், கேரளத்துப் பட்டியல் சாதியில் வரமாட்டார் என்று தோற்றவர் வழக்குப் போட்டார். 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தலையே செல்லாது என்றது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து அவர் தேர்தலை உறுதிப்படுத்தியது. ஐந்தாண்டுப் பதவியில் இரண்டாண்டுக்கு மேல் நாற்காலி ஆடிக்கொண்டே இருந்தது.

இப்படி வழக்குப் போட முடிவு வந்த நாளிலிருந்து 45 நாள்தான் அவகாசம். அது உயர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும்.

சுயேச்சையாக நிற்கிறவர்களின் மனுக்கள் எதனால் அதிகம் தள்ளுபடியாகின்றன? எங்கே கவனமாக இருக்க வேண்டும்?
— நகரி வாசகர்

கட்சிக்காரர்களின் மனுவும் தள்ளுபடியாகும், ஐயா. 2021-ல் கேரளத்தில் தலசேரி, குருவாயூர், தேவிகுளம் மூன்று இடங்களிலும் தேசிய ஜனநாயகக் கூட்டணி வேட்பாளர்களின் மனு பரிசீலனையில் விழுந்தது. தலசேரியில் காரணம், கட்சி தந்த ஃபாரத்தில் தலைவர் கையெழுத்து இல்லாதது. ஒரு பெரிய கட்சி ஒரு கையெழுத்தால் ஒரு தொகுதியையே இழந்தது.

மனு படிவம் 2பி-யில். ஒருவர் நான்கு தொகுப்பு வரை கொடுக்கலாம். கொடுங்கள், ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது காப்பாற்றும். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. பதிவான செல்லுபடி வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்ப வரும். நேரம் காலை 11 முதல் பிற்பகல் 3 வரை. வேறு தொகுதி வாக்காளர் என்றால் அந்தப் பட்டியல் பக்கத்தின் சான்றிட்ட நகலும் வேண்டும்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு முன்மொழிபவர் ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்கள். எல்லையோரத்தில் இது பெரிய சிக்கல். பக்கத்துத் தெரு வேறு தொகுதியாக இருக்கும், வாக்காளர் வரிசை எண் தவறாகப் போகும். ஒவ்வொருவரின் பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் பட்டியலில் கையை வைத்துப் பார்த்து எழுதுங்கள். கைநாட்டு வைப்பவராக இருந்தால் வீட்டில் வைத்து வாங்கிவரும் கைநாட்டு செல்லாது, தேர்தல் அதிகாரி முன்னிலையில் வைக்க வேண்டும். ஒரே பத்துப் பேரையே எல்லாத் தொகுப்புக்கும் நம்பிப் போகாமல் ஒவ்வொரு தொகுப்புக்கும் வேறு வேறு ஆட்களைப் பிடியுங்கள். 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது முன்மொழிந்தவர்களின் கையெழுத்துத் தகராறில்தான்.

படிவம் 26 எனும் சொத்து, வழக்கு விவரப் பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. கார் இல்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள், கோடு போடாதீர்கள். காலி இடத்தைச் சுட்டிக் காட்டி அதிகாரி புதுப் பத்திரம் கேட்பார். கொடுக்காவிட்டால் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது.

பலர் மறப்பது வேட்பாளர் உறுதிமொழி. மனு கொடுத்த பின், பரிசீலனை நாளுக்கு முன்பாக எடுத்துவிட வேண்டும். பரிசீலனை நாள் காலையில் போய் எடுக்கிறேன் என்றால் கதை முடிந்தது. மனுவைக் கொடுத்த மேசையிலேயே நின்று எடுத்துவிடுங்கள், எடுத்ததற்குச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதிகாரி தப்பாகத் தள்ளுபடி செய்தால் என்ன ஆகும் என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு மனு தப்பாகத் தள்ளப்பட்டிருந்தாலும் மொத்தத் தேர்தலும் செல்லாது. கேரளத்தின் முதல் சட்டமன்றத்தில் முதன்முதலாகப் பதவியேற்றவர் தேவிகுளத்தின் ரோசம்மா புன்னூஸ். எதிராளியின் மனு தப்பாகத் தள்ளப்பட்டது என்று தீர்ப்பாகி அவரும் பதவி இழந்து, 1958 இடைத்தேர்தலில் மீண்டும் ஜெயித்துத்தான் உள்ளே போனார்.

செலவுக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஆந்திரம், கேரளம் இரண்டிலும் 2022-ல் வைத்த உச்சவரம்பு 40 லட்சம். தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். முடிவு வந்த 30 நாளில் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தோற்றவருக்கும் இது உண்டு. தோற்றுப் போய்விட்டோமே என்று விட்டவர்கள் மூன்றாண்டு எங்கேயும் நிற்க முடியாமல் ஆகியிருக்கிறார்கள்.

கேரள நியமசபையில் தமிழில் பேசலாமா?
— கொழிஞ்சாம்பாறை வாசகர்

பேசலாம். அரசியல் சட்டம் 210-ஆவது பிரிவு மாநில ஆட்சிமொழி, இந்தி, ஆங்கிலம் என்று மூன்றை வைத்துவிட்டு, இவற்றில் கருத்தைச் சரியாகச் சொல்ல முடியாத உறுப்பினர் தாய்மொழியில் பேச ஸ்பீக்கர் அனுமதிக்கலாம் என்கிறது. உரிமை என்பதைவிட அனுமதி என்பதே சரி, அதனால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. ஆந்திரத்திலும் இதே விதிதான்.

பதவியேற்பு உறுதிமொழியில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். அதன் வாசகம் அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. ‘கடவுள் பெயரால்’ அல்லது ‘உளமார உறுதி கூறுகிறேன்’ இரண்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். 2021 மே மாதம் ஏ. ராஜா தமிழில் பதவியேற்றபோது அவர் கையில் கொடுத்த தமிழாக்கத்தில் அந்தச் சொல் விடுபட்டிருந்தது. அவர் எழுதியதல்ல, அரசுத் தரப்பில் மொழிபெயர்த்துக் கொடுத்தது. ஜூன் 2-ஆம் தேதி மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. உறுதிமொழி எடுக்காமல் சபையில் உட்கார்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்று 193-ஆவது பிரிவு சொல்வதால் அந்த விவாதமும் எழுந்தது. தமிழில் பதவியேற்க நினைப்பவர்கள் வாசகத்தை ஒரு வாரம் முன்பே வாங்கி, ஆங்கில மூலத்தோடு வைத்து, தமிழ் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் வரிவரியாகச் சரி பாருங்கள். நம் மொழியில் ஒரு சொல் விடுபட்டால் அதைக் கண்டுபிடிக்க சபைச் செயலகத்தில் யாரும் இல்லாமல் போகலாம். நாம்தான் பார்க்க வேண்டும்.

சபைக்கு வெளியேயும் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-ன்படி தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், தாங்கள் அதிகமாக வாழும் பகுதி அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும். சித்தூர் தாலுகாவில் இருக்கிற நீங்கள் இதைப் பயன்படுத்தாவிட்டால் அந்த விதி ஏட்டில்தான் இருக்கும்.

எங்கள் லயத்துக்குப் போகும் வழி குண்டும் குழியுமாக இருக்கிறது. எம்.எல்.ஏ.வுக்குக் கோடிக்கணக்கில் நிதி வருகிறதாமே, ஏன் போட்டுத் தர மாட்டேன் என்கிறார்?
— வண்டிப்பெரியார் வாசகர்

அந்தப் பணம் எம்.எல்.ஏ. கைக்கு வருவதில்லை. கேரளத்தில் இரண்டு வகை. சிறு வேலைகளுக்கு சிறப்பு வளர்ச்சி நிதி, பெரிய கட்டுமானங்களுக்கு ஆஸ்தி வளர்ச்சி நிதி. இந்த வேலை வேண்டும் என்று அவர் கடிதம் கொடுப்பார். பொறியாளர் மதிப்பீடு போடுவார், நிர்வாக அனுமதி வரும், பிறகு தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், ஒப்பந்தம், வேலை, அளவெடுப்பு, பில். இதில் எந்த மேசையிலும் கோப்பு தூங்கலாம். நிதியாண்டு முடியும் மார்ச் மாதம் நெருங்கும்போது கொடுத்த கடிதம் அடுத்த மழைக்காலம் தாண்டித்தான் ரோடாகும்.

உங்கள் வழக்கில் தடை வேறு. பொதுப் பணம் பொது நிலத்தில்தான் செலவாகும். லயமும் அதற்குப் போகும் வழியும் தோட்டக் கம்பெனியின் நிலம் என்றால் பஞ்சாயத்தின் ஆஸ்திப் பதிவேட்டில் அந்த ரோடு இருக்காது. பதிவேட்டில் இல்லாத ரோட்டுக்கு மதிப்பீடு போட எந்தப் பொறியாளரும் கையெழுத்து வைக்க மாட்டார். நேராகப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய் உங்கள் ரோடு அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கம்பெனி அந்த வழியைப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியது அதுதான்: கம்பெனி, பஞ்சாயத்து, வருவாய்த்துறை மூன்றையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, இத்தனை மீட்டர் நீளம், இத்தனை அகலம் ஒப்படைப்பு என்று மினிட்ஸில் ஏற்றச் சொல்லுங்கள். லயத்து வீடுகளைப் பழுது பார்ப்பது முதலாளியின் கடமை, அதற்குத் தோட்ட இன்ஸ்பெக்டரிடம் மனு கொடுங்கள். ஒற்றை அறையில் மூன்று தலைமுறை வாழும் வீடுகளுக்கு யார் பொறுப்பு என்று ஆளுக்கு ஆள் கைகாட்டுவதைக் கேட்டு மனம் கொதிக்கிறது. ஆனால் சரியான வாசலைத் தட்டினால்தான் கதவு திறக்கும்.

எம்.எல்.ஏ.வுக்குச் சம்பளம் எவ்வளவு?
— ஆரியங்காவு வாசகர்

கேரளத்தில் 2018-ல் திருத்தியபடி மாதம் 70,000 ரூபாய். இதில் நிலையான படி 2,000 மட்டுமே. தொகுதிப் படி 25,000, பயணப் படி குறைந்தது 20,000, தொலைபேசி 11,000, விருந்தோம்பல் 8,000, தகவல் படி 4,000. மலையின் அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2017 முதல் 1.05 லட்சம். தேவிகுளம் மாதிரி மலைத் தொகுதியில் இடமலைக்குடி வரை ஜீப் பிடித்துப் போய் வரும் ஒருவருக்குக் கேரளத் தொகை குறைவு என்றே நினைக்கிறோம்.

ஒரு கட்சியில் ஜெயித்து இன்னொரு கட்சிக்குப் போனால் பதவி போய்விடும் என்கிறார்கள். ஆனால் எங்கள் மாநிலத்தில் போகவே இல்லையே?
— சத்தியவேடு வாசகர்

1985-ல் அரசியல் சட்டத்தில் வந்த பத்தாம் அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடை விதி), கட்சியைத் தானாக விட்டாலோ, கொறடா உத்தரவை மீறி வாக்களித்துக் கட்சி அதை 15 நாளில் மன்னிக்காவிட்டாலோ பதவி போகும். சுயேச்சையாக ஜெயித்தவர் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் போகும். மூன்றில் ஒரு பங்கு பிரிந்தால் தப்பலாம் என்ற விதியை 2003-ல் எடுத்துவிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு இணைந்தால் மட்டுமே விலக்கு.

ஓட்டை இருப்பது தீர்ப்புச் சொல்லும் இடத்தில். முடிவெடுப்பவர் ஸ்பீக்கர், அவருக்கு அட்டவணையில் கெடு எதுவும் இல்லை. உங்கள் மாநிலத்தில் 2014-க்கும் 2019-க்கும் நடுவே ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் 23 எம்.எல்.ஏ.க்கள் தெலுங்கு தேசத்துக்குப் போனார்கள், அவர்களில் நால்வர் அமைச்சரும் ஆனார்கள், சபையின் காலமே முடிந்துபோனது. மூன்று மாதம் நியாயமான கெடு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-ல் தெலங்கானா வழக்கில் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி ஸ்பீக்கருக்கே உத்தரவிட்டது. வாக்காளனுக்கு இதில் பெரிய அநியாயம் நடந்துவிட்டது என்பதே எங்கள் கருத்து.

ஒரு எம்.எல்.ஏ. எத்தனை முறை நிற்கலாம்? மந்திரி ஆவது எப்போது?
— குப்பம் வாசகர்

சட்டத்தில் வரம்பில்லை. உங்கள் ஊரே சாட்சி. சந்திரபாபு நாயுடு 1978-ல் சந்திரகிரியில் ஜெயித்தவர், 1983-ல் அங்கேயே தோற்றார். 1989 முதல் 2024 வரை குப்பத்தில் எட்டு முறை. வரம்பு வைப்பது கட்சிதான். கேரளத்தில் மார்க்சிஸ்ட் கட்சி 2021-ல் தொடர்ந்து இரண்டு முறை ஜெயித்தவர்களுக்கு சீட் இல்லை என்றது. 2006, 2011, 2016 என்று தேவிகுளத்தில் மூன்று முறை ஜெயித்த எஸ். ராஜேந்திரனுக்கு அப்படித்தான் சீட் இல்லாமல் போனது.

மந்திரிசபைக்கு உச்சவரம்பு மொத்த உறுப்பினரில் 15 விழுக்காடு, முதல்வரையும் சேர்த்து. கேரளத்தின் 140 பேர் சபையில் 21, ஆந்திராவின் 175-ல் 26. ஜாதி, மாவட்டம், கூட்டணிப் பங்கு எல்லாம் கழித்தால் ஓரத்துத் தொகுதிக்கு மிஞ்சுவது குறைவு.

எங்கள் ஊர்ப் பிரச்சினையை எம்.எல்.ஏ. சபையில் எழுப்ப வேண்டும் என்றால் அவரிடம் எப்படிக் கொடுப்பது? மனு கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிட்டது.
— தேவிகுளம் வாசகர்

மனுவாகக் கொடுக்காதீர்கள், கேள்வியாகக் கொடுங்கள். ஒரு எம்.எல்.ஏ.வின் கையில் இருக்கும் கூர்மையான கருவி அதுதான், ஆளுங்கட்சி எதிர்க்கட்சி வேற்றுமை அதற்கு இல்லை. நட்சத்திரக் கேள்விக்கு மந்திரி எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரம் இல்லாததற்கு எழுத்தில் பதில் வரும். புள்ளிவிவரம் வேண்டுமென்றால் இரண்டாவதுதான் நல்லது. அவசரம் என்றால் கேரள சபையில் சப்மிஷன் (ஸ்பீக்கர் அனுமதியோடு ஒரு பிரச்சினையை எழுப்புவது) உண்டு, கவன ஈர்ப்பு உண்டு. அடியந்தரப் பிரமேயம் (ஒத்திவைப்புத் தீர்மானம்) பெரும்பாலும் எதிர்க்கட்சியின் ஆயுதம்.

உதாரணத்துக்கு, பள்ளி ஆசிரியர் பற்றாக்குறை. ‘எங்கள் பிள்ளைகளைத் தமிழ் படிக்கவிடாமல் அரசு வஞ்சிப்பது ஏன்?’ என்று எழுதினால் செயலகம் ஏற்காது. வாதம், குற்றச்சாட்டு, ஊகம், கிண்டல் எதுவும் கேள்வியில் வரக்கூடாது, நீதிமன்றத்தில் இருக்கும் விஷயமும் ஆகாது. இப்படி எழுதுங்கள்:

கல்வி அமைச்சர் பின்வருவனவற்றுக்குப் பதிலளிப்பாரா:
(அ) தேவிகுளம் தாலுகாவில் தமிழ்வழி வகுப்புகள் உள்ள அரசு, எய்டட் பள்ளிகள் எவை, பள்ளிவாரியாக;
(ஆ) அவற்றில் அனுமதிக்கப்பட்ட தமிழ்வழி ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, காலியானவை எத்தனை, எந்தத் தேதியிலிருந்து;
(இ) அரசுப் பள்ளிகளின் காலியிடங்கள் பி.எஸ்.சி.க்குத் (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தெரிவிக்கப்பட்டனவா, எந்தத் தேதியில்;
(ஈ) தெரிவிக்கப்படவில்லை என்றால் காரணம் என்ன?

(இ)-யில்தான் உயிர் இருக்கிறது. காலியிடம் இருக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். தெரிவித்த தேதியைக் கேட்டால்தான் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று வெளிவரும்.

கூட்டத்தொடர் அறிவிப்பு வந்ததும் அவருடைய உதவியாளரிடம் இதைக் கொடுங்கள், மலையாளத்திலும் ஒரு பிரதி வைத்து. ஒவ்வொரு துறைக்கும் கிழமை ஒதுக்கியிருப்பார்கள், கல்வித் துறைக்கு எந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேள்விக்கு ஒரு எண் விழும், அதை வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது’ என்று பதில் வந்தால் சோர்ந்து போகாதீர்கள், அது பாதிப் பதில். அந்த எண்ணைக் குறிப்பிட்டு முழுப் பதில் சபையில் வைக்கப்பட்டதா என்று உறுப்பினரை ஸ்பீக்கருக்கு எழுதச் சொல்லுங்கள். அதே (அ), (ஆ), (இ), (ஈ)-யைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போகவில்லை என்றால் அடுத்த கூட்டத்தொடருக்குரிய கேள்வி உங்கள் கையில் இருக்கிறது.